ஆற்றை ஒதுக்கிய பாதை

கணவரை ஆறு அடித்துக்கொண்டு போனபின் அண்ணி காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் வேலை, விட்டால் வீடு என்று காலம் தள்ளினாள். அவரோடு தேசியப் பூங்காவில் நாள்கணக்கில் நடந்து திரிந்த கூட்டாளிகள் மறுபடி கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்ததும், அவர்களில் ஒருவனான மெக்கானிக்கின் பட்டறைக்குத் தானே வந்து நின்றாள்.

கார் பானெட்டின் மேல் வரைபடம் விரிந்திருந்தது. மெக்கானிக்கின் விரல் மலை முகட்டை ஒட்டியே நகர்ந்தது. ஆற்றை அது தொடவேயில்லை.

"ஏன் தம்பி சுத்துறீங்க? ஆத்து வழியாவே போலாம். நானும் வர்றேன்."

அங்கே கூடியிருந்த கூட்டாளிகள் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்க மெக்கானிக் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"தண்ணி கணுக்கால் அளவுதாங்க. தாராளமா தாண்டலாம்" என்றார் அங்கிருந்தவர்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் அண்ணி. "மேல மழைன்னு தெரிஞ்சும் இறங்கிட்டாரு. இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்துட்டுத் திரும்பறதான்னு கூச்சப்பட்டிருப்பாரு. அவரை எனக்குத் தெரியாதா? நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் முன்னாடி வாய் வரல அண்ணி."

அவள் பென்சிலை வாங்கி, ஆற்றங்கரையில் ஒரு நாள் முழுக்கத் தங்குவதாகக் குறித்தாள். "மேகம் கட்டினா திரும்பிடணும். நான் அழுதாலும் இழுத்துட்டு வந்துடுங்க."

சரி என்றார்கள். அந்த ஒரு நாளில் அங்கே எதைத் தேடப்போகிறாள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.