காய்ச்சுகிற கம்பெனி

என் அக்கா மகன் அன்புச்செல்வனுக்குச் சங்கராபுரம். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். பால் பண்ணைகளுக்கு ஸ்டீல் டேங்க் பற்றவைத்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் விரலால் தடவினால் ஒட்டுப்போட்ட இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் அங்கே பால் தங்கிக் கெட்டுவிடும். அந்தக் கை நேர்த்திதான் அவனை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு சின்ன ஊரில் நானூறு வருஷத்துப் பழைய பீர் கம்பெனி. ஒரே குடும்பம் நடத்துகிறது. டேங்குகளைப் பார்த்துக்கொள்வது இவன் வேலை.

லீவில் வந்தபோது கதை கதையாகச் சொன்னான். முளைகட்டிய பார்லி, ஒரு கொடியின் கசப்புப் பூ, தண்ணீர், ஈஸ்ட். இந்த நாலைத் தவிர எதுவும் கலக்கக் கூடாது என்று ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ராஜா சட்டம் போட்டாராம், இன்றைக்கும் மதிக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வராத காலத்தில் மண்ணுக்கடியில் அறை தோண்டி, அது சூடாகாமலிருக்க மேலே மரம் நட்டிருக்கிறார்கள். அந்த மரத்தடியில் சர்ச்சுக்குப் போய்வந்த கிழவிகள்கூட உட்கார்ந்து பீர் குடிப்பார்களாம். இவனுக்கு ஆப்பிள் ஜூஸ். குடிப்பழக்கம் கிடையாது.

அவனுக்கு வயது முப்பத்தொன்று, பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். கருணாபுரத்திலிருந்து, நர்சிங் படித்த தேவிப்ரியாவின் போட்டோ வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அவன் திரும்பிப்போகப் பத்து நாள்தான் இருந்தது. பெண்ணின் அம்மா ராணியம்மாளிடம் பேச நான் போனேன்.

"பையன் இன்னா வேல பண்றாரு?"

"ஜெர்மனில பீர் காய்ச்சுற கம்பெனிங்க."

பால் காய்ச்சுகிற மாதிரி வாயில் வந்துவிட்டது. ராணியம்மாளின் வீட்டுக்காரர் 2024-இல் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர். அந்தத் தெருவில் காய்ச்சுகிறவன் என்றால் ஒரே அர்த்தம்தான்.

"எழுந்துக்கங்க," என்றார் ராணியம்மாள்.

குடத்தோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு விடவில்லை. "இங்க காய்ச்சினா ஜெயிலு. ஜெர்மனில காய்ச்சினா மாப்ளையா?"

அன்புவிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "கிளம்பு மாமா, நானே பேசிக்கிறேன்," என்றான்.

மறுநாள் ராணியம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அன்பு நின்றபடியே பேசினான்.

"மாமா சொன்னது ஒண்ணும் பொய் இல்லீங்கம்மா. காய்ச்சத்தான் செய்றாங்க. நான் டேங்க் வேல. ஆனா பீரும் போதைதான். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"குடிச்சா சாவாங்களா?"

"ஜாஸ்தி குடிச்சா ஒடம்பு கெடும். விஷம் கெடையாது. புது டேங்க் தெறக்கிற அன்னிக்கு, காய்ச்சின பெரியவரு எல்லாரு எதிர்லயும் மொத கிளாஸ் குடிக்கணும். அவரு குடிச்சு முடிச்சாத்தான் வண்டில ஏத்துவாங்க. கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து அதான் வழக்கம்."

"நீ கண்ணால பாத்தியா?"

"எத்தினியோ தபா. நான் டேங்க் பக்கத்துலதான் நின்னுக்கினு இருப்பேன்."

ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"இங்க வித்தவன் ஒரு சொட்டு வாயில வக்கில," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராணியம்மாள் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். பிறகு உள்பக்கம் திரும்பினார்.

"தேவி, பாஸ்போட்டுக்கு இன்னா இன்னா பேப்பர் கேப்பாங்க?"

"எல்லாத்தியும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டேம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.