எந்த நம்பருங்க சார்?

பொய் சொல்லி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான்.

இந்தப் பத்தியில் வாராவாரம் மற்றவர்களின் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை. சிரிப்பு வருமா என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் திருச்செங்கோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். பில் போடும் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது. கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "தனம், பின்னாடி நெட் வொயரு லூசா இருக்கும். கழட்டிச் சொருகி உடு" என்றார்.

கவுண்டரில் இருந்த பெண் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்கண்ணா. ஆளையே கூப்புட்டுருங்க. நான் தொட்டா வெளங்காது."

நிமிர்ந்து பார்த்தேன். தனலட்சுமி! அவரும் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்று சிரித்தார். நான் மாத்திரையைக்கூட வாங்காமல் வெளியே நடந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு நான் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சென்டரின் தலைவர். தனலட்சுமி அங்கே ஒப்பந்த டெக்னீஷியன். அவரை நிரந்தரமாக்கும் ஆர்டர் சேர்மன் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எனக்கும் ஒரு ஃபைல் அதே மேஜையில் இருந்தது... ரிட்டயர் ஆன பிறகு இரண்டு வருடம் நீட்டிப்பு.

அந்தச் சமயத்தில் புதிதாக ஸ்டோரேஜ் பெட்டி வந்தது. பத்துப் பன்னிரண்டு டிஸ்க்குகளை அடுக்கிய இரும்புப் பெட்டி. மாணவர்களின் வேலை மொத்தமும் அதில்தான் இருக்கும். அதை நெட்வொர்க் சுவிட்சோடு இணைக்க இரண்டு ஃபைபர் கேபிள்கள். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று தாங்கும். ஃபைபருக்குள் ஓடுவது வெளிச்சம். அதன் முனையில் ஒரு துளி தூசி பட்டால் போதும், வெளிச்சம் தடுமாறும். அதனால்தான் சொருகாத நேரத்தில் குட்டி ரப்பர் மூடி போட்டு வைப்பார்கள்.

வியாழக்கிழமையே தனலட்சுமி எல்லாவற்றையும் இணைத்து, செட்டிங்ஸ் போட்டு, சோதித்தும் முடித்திருந்தார். அருமையாக ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம் இல்லையா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை பூஜை. சேர்மன் கையாலேயே கேபிளைச் சொருக வைத்தால் என்ன? போட்டோ நன்றாக வரும். என் ஃபைலும் நகரும். இரண்டு கேபிளையும் கழற்றி, மூடியில்லாமல் தாம்பாளத்தில் வைத்தேன்.

"சார், மூடியாச்சும் போட்டு வெச்சரலாமுங்க. தூசி பட்டா வம்புங்க."

"ரெண்டு நிமிஷம்தானம்மா? பத்தரைக்கு ராகு காலம். மூடியைத் தேடிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

சேர்மன் பெட்டிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். அதே விரலால் கேபிளின் முனையைப் பிடித்தார். சிவந்த விரல் அந்த வெள்ளை முனையில் பட்டதை நான் பார்த்தேன். 'கையைத் துடைச்சுக்கங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அதற்குள் சேர்மன், "ரெண்டாவதை வூட்டுக்காரம்மா சொருகட்டும்" என்றார். அந்த அம்மா கையிலும் குங்குமம்!

பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை பிராக்டிகல் தேர்வு. அறுபது மாணவர்கள், வெளியூர் எக்ஸாமினர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "சார், ஃபைல் ஓப்பனாகல!" "சார், சேவ் பண்ணுனது காணமுங்க!" ஃபைல்கள் வரும், போகும், மறுபடி வரும். ஒரு பெண் விசும்ப ஆரம்பித்துவிட்டாள். எக்ஸாமினர் வாட்ச்சைப் பார்த்தார். "பன்னெண்டுக்குள்ள சரியாகலைன்னா கேன்சல்னு எழுதிட்டுப் போயிடுவேன், சார்."

சர்வர் அறையில் தனலட்சுமி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஃபைபரை ஒருக்கா கழட்டிப் பாத்தரலாமுங்க."

எனக்குச் சேர்மனின் குங்கும விரல் நினைவுக்கு வந்தது. "நீ லேபுக்குப் போய்ப் பசங்களைச் சமாளி. நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் கழற்றினேன். முனையில் ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்ததிலும். அதற்கென்று இருக்கும் துடைப்பானால் துடைத்தேன், இரு பக்கமும் கேபிள் நுழையும் வாயையும் சுத்தம் செய்து சொருகினேன். எல்லாம் சீராக ஓடியது. தேர்வு பிழைத்தது.

நான் நிமிர்ந்தபோது வாசலில் சேர்மன். பின்னால் பிரின்சிபால், எக்ஸாமினர், லேபிலிருந்து ஓடி வந்த தனலட்சுமி.

"யாரு பண்ணுன வேலைங்க இது?" என்றார் சேர்மன்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'உங்க கையில குங்குமம் இருந்தது, நான் சொல்லாம விட்டுட்டேன்.' அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

"செட்டிங்ஸ்ல ஒரு நம்பர் தப்பா இருந்தது சார். தனலட்சுமி போட்டது. நான் மாத்திட்டேன்."

தனலட்சுமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"எந்த நம்பருங்க சார்?"

"விடும்மா. அதான் சரியாயிடுச்சில்ல?"

மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. எனக்கு நீட்டிப்பு கிடைத்தது.

மெடிக்கல் ஷாப்பில் அந்தக் கை பின்வாங்கியதைப் பார்த்த பிறகு தூக்கம் போயிற்று. கடைக்காரரிடம் அவர் ஊரைக் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரம் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தனலட்சுமியின் மாமியார் முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

தனலட்சுமி விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப எந்த நம்பருமே தப்பில்லைங்களா?" என்றார்.

"இல்லைம்மா."

"ஆறு வருசமா அதையேதான் யோசிச்சுட்டிருக்கறேன். அடுப்புல பால் பொங்குனாக்கூடத் தெரியாம, மனசுக்குள்ள ஒவ்வொரு நம்பரா ஓட்டிப் பாப்பேன். எல்லாஞ் சரியாத்தான் இருக்கும். அப்பறம், சார் சொன்னா தப்பு இருக்கத்தானே செய்யும்னு மறுக்கா மொதல்ல இருந்து பாப்பேனுங்க. அதுக்கப்பறம் ரெண்டு கம்பெனில கூப்புட்டாங்க. நான் போகலைங்க. என் கைமேல எனக்கே நம்பிக்கை இல்லை."

வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன்.

மாமியார் குறுக்கே வந்தார். "ஏனுங்க, படிச்சவிங்கதானுங்களே நீங்க? வொயரு சொருகத் தெரியாம வேலையை உட்டுப்போட்டு வந்தவன்னு இவளை நான் எத்தனை நாளு பேசியிருப்பேன்! இப்ப வந்து சொல்றீங்களே."

"இருங்கத்தை" என்றார் தனலட்சுமி. பிறகு என்னிடம், "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகும்? காலேஜுக்கு எழுதுங்க. வாராவாரம் பத்திரிகைல எழுதறீங்கல்ல, அதுலயும் எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி என் பேரைத்தான சொன்னீங்க?"

கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டு எழுதினேன். இரண்டு நாளில் சேர்மனே போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கையைத் துடைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துடைச்சிருப்பேனுங்களே சார்..."

திட்டியிருந்தால் தேவலை. பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நாமே முடிவு செய்து, எத்தனை வார்த்தைகளை விழுங்கிவிடுகிறோம்! அதற்கான தண்டனை மட்டும் எப்போதும் அறையில் ஆகச் சின்ன சம்பளக்காரருக்குப் போகிறது.

அந்த வேலை இப்போது கல்லூரியில் இல்லையாம். தவறு தனலட்சுமியுடையது அல்ல என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் மட்டும் வந்தது. மாமியார் அதை வாங்கிப்போய்ப் பக்கத்து வீடுகளில் படிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று தகவல். தனலட்சுமி இன்னும் மெடிக்கல் ஷாப்பில்தான் இருக்கிறார்.

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"சார், ரெண்டு எடத்துல ஃபைபரை வொயருன்னு எழுதிப்போட்டீங்க. புரொபசரே இப்புடி எழுதுனா படிக்கறவிங்க சிரிக்க மாட்டாங்களா?"

"திருத்திடறேன்மா."

"அப்பறம் கடைசில ஒரு வரி இருக்குதுங்களே... தனலட்சுமி என்னை மன்னித்துவிட்டார்னு."

"ஆமாம்மா."

"நான் எப்பங்க சார் அப்படிச் சொன்னேன்?"

அந்த வரியை எடுத்துவிட்டேன்.