நாற்பது சர்வரையும் ஒன்றாக எழுப்பிய சனிக்கிழமை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தஞ்சோங் பகாரில் அலுவலகங்களின் கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுத்தேன். அந்தக் கேபிள் எங்கே போய் முடிகிறது, அந்த முனையில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான். இன்று ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் இரண்டு வரிசை சர்வர்கள் எனக்குச் சொந்தம். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இப்போதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அலுப்பு வந்துவிடுகிறது.

கடைகளின் இணையதளங்களை என் மெஷின்களில் வைத்து ஓட்டுவதுதான் தொழில். சாதாரண நாட்களுக்கு அவை போதும். தீபாவளிக் கூட்டத்துக்குப் போதாது. அப்போது கிளவுட் கம்பெனி ஒன்றிடம் வாடகை சர்வர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்வேன். சொந்த லாரியோடு பண்டிகைக்கு நாலு வாடகை லாரி சேர்ப்பது மாதிரிதான். வாடகை சர்வரைக் கண்ணால் பார்க்க முடியாது. திரையில் உட்கார்ந்தபடியே உண்டாக்குவது அது. ஒன்றைச் சுத்தமாகத் தயார்செய்து மாதிரியாக வைத்துக்கொண்டால், அதே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கையால் ஒவ்வொன்றாக அமைக்கிறவன் மூன்றாவதில் ஒன்றை மறப்பான், ஏழாவதில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டாமல் விடுவான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே மறந்து, நானே பூட்டாமல் விட்டுத் தெரிந்துகொண்டது.

தேக்காவில் புடவைக் கடை வைத்திருக்கும் அம்மாதான் என்னுடைய முதல் வாடிக்கையாளர். அந்த ஆண்டு அவருடைய கடையில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. அதனால் தீபாவளி வியாபாரம் முழுவதையும் இணையத்தில் வைத்தார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறப்பு.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் அண்ணே. பதினொண்ணுக்குத் திறக்கலைன்னா சனம் அடுத்த கடைக்குப் போயிடும். எனக்கு இந்த வருஷம் வேற வியாபாரமே இல்ல."

"நான் இருக்கேன்ல தங்கச்சி?" என்றேன்.

என்னிடம் பல வருடமாக இருக்கும் இஞ்சினியர் குவீன்ஸ்டவுனிலிருந்து வருகிற பெண். இரண்டு பிள்ளைக்குத் தாய். வேலையில் கெட்டிக்காரி, வாய் அதைவிட. வியாழக்கிழமையே சர்வர்களை எழுப்பி வைக்கலாம் என்றாள்.

"ரெண்டு நாள் முன்னாடி போடுறவன் பயந்தவன்," என்றேன். "நான் அரை மணி நேரத்துல நாப்பது போடுவேன்."

"நீங்க போடுவீங்க அங்கிள். நம்ம பழைய மெஷின் தாங்கணுமே? புதுசா எழுந்திரிக்கிற ஒவ்வொண்ணும் அதுகிட்டப் போய்ப் புடவைப் பட்டியல், விலை, படம் எல்லாம் கேக்கும். அஞ்சு பேர் கேட்டா குடுக்கும். நாப்பது பேர் ஒரேடியாப் போய் நின்னா படுத்துடும் லா."

கடைசியில் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, ஐந்து ஐந்தாக எழுப்புவது என்று முடிவானது.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது அவள் முதல் ஐந்தைப் போடத் தயாராக இருந்தாள். என் கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். இத்தனை வருடத்தில் எந்த மெஷினையும் ராகு காலத்தில் நான் முதல் தடவை ஆன் செய்ததில்லை. நிறுத்து என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், எழுந்து போய் கோப்பி வாங்கி வந்தாள்.

பத்தரை தாண்டியதும், "இப்ப அஞ்சஞ்சாப் போட நேரம் பத்தாது அங்கிள்," என்றாள்.

"நாப்பதையும் ஒண்ணாப் போடு. பழைய மெஷின் நான் கையால கட்டினது. தாங்கும்."

அவள் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். நாற்பது பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் பச்சையாயின. கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பதினொரு மணிக்குக் கடைப் பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பதும் ஒரே நேரத்தில் கேட்டதில் பழைய மெஷின் திணறிப்போயிருந்தது. பதில் கிடைக்காத ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்கக் கேட்க அது இன்னும் திணறியது. வாடகைக்கு எடுத்தவையெல்லாம் நன்றாக இருந்தன. படுத்தது என் சொந்த மெஷின்தான்.

புடவைக் கடை அம்மா போன் செய்தார். "ஒரு நிமிஷம் தங்கச்சி," என்றேன். அடுத்தடுத்து ஐந்து தடவை அதையே சொன்னேன்.

இஞ்சினியர் நாற்பதையும் அணைத்து, பழைய மெஷினை மூச்சு விட வைத்து, ஐந்து ஐந்தாக மறுபடி எழுப்பினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"அந்தக் காலண்டர் மதுரையில அச்சடிச்சது அங்கிள். இங்க சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்குது. நம்ம ஊரு ராகு காலமே பத்து மணிவாக்குலதான் ஆரம்பிக்கும். சரியா நடுவுல அமுக்கியிருக்கீங்க."

"அதை அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொன்னா பதினொண்ணரை வரைக்கும் நிறுத்தியிருப்பீங்க."

உண்மைதான். நிறுத்தியிருப்பேன்.

கடை திறந்தபோது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. பிற்பகல் தேக்காவுக்குப் போனேன். பாதி பூசிய சுவருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா போனைப் பிடித்தபடி இருந்தார். மெஷின்களைப் பற்றியும் கிளவுட் கம்பெனியைப் பற்றியும் சொல்ல வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"பாதிப் பேர் போயிட்டாங்க அண்ணே. வேற ஆளைப் பார்க்கலாம்னு நம்பர்கூட வாங்கிட்டேன். அப்பதான் உங்க ஆபீஸ் பொண்ணு கூப்பிட்டா. என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒளிக்காமச் சொன்னா. நீங்க ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னே சொல்லிக்கிட்டு இருந்தீங்க." போனைக் கவிழ்த்து வைத்தார். "நான் எங்கயும் போகல. ஆனா இனிமே அவகிட்டதான் பேசுவேன். நீங்க வந்தா கோப்பி குடிச்சிட்டுப் போங்க."

சரிம்மா என்றேன். கோப்பி வந்தது. குடித்தேன்.

அடுத்த ஆண்டு தீபாவளித் திறப்பு நாளான சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். இஞ்சினியர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆரம்பிக்கிற?"

"வியாழக்கிழமையே முடிஞ்சிடுச்சு அங்கிள். முதல்ல ஒண்ணு போட்டுப் பார்த்தேன். சரியா வந்ததும் அஞ்சஞ்சா. பழைய மெஷின்ல இருக்கிறதுக்கு ஒரு நகல் கிளவுட்லயும் வச்சுட்டேன். இனிமே எல்லாம் அங்கேயே கேட்டுக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் தோசையைப் பிய்த்தபடி சிரித்தாள்.

பதினொரு மணிக்கு என் போனில் புடவைக் கடையைத் திறந்தேன். தொட்ட விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாக அந்த அம்மாவைக் கூப்பிடலாமா என்று நினைத்துவிட்டு, வேண்டாம் என்று போனைக் கீழே வைத்தேன்.

"நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டேன்.

"பண்டிகை முடிஞ்சதும் நாப்பதையும் அழிக்கணும். மறந்தா சும்மா ஓடி வாடகை ஏறிக்கிட்டே இருக்கும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்," என்று ஒரு தாளை நகர்த்தினாள்.

படித்துப் பார்க்கக் கண்ணாடியைத் தேடவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன்.