பேலட் பிரித்த மாதங்கள்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி, ஓசூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு உற்பத்தி லைனை அப்படியே கழற்றி குஜராத்தில் கட்டியிருந்த புது பிளான்ட்டுக்குக் கொண்டுபோனது. மெஷின்களோடு ஆட்களும் வரலாம் என்றார்கள். வர விருப்பமில்லாதவர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அவர் அந்த லைனில் சூப்பர்வைசர். பதினொரு வருஷமாக அதே மெஷின்களின் சத்தத்தைக் கேட்டவர்.

"மெஷினே போகுது. நான் இங்க இருந்து என்னத்தச் செய்ய" என்று சொல்லிவிட்டு, ஆடி மாத வாக்கில் ஒரு பெட்டியும் தோள்பையுமாகக் கிளம்பினார். எட்டாவது படிக்கும் மகளுக்கு முழுப்பரீட்சை முடிந்ததும் நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

பேச்சுதான். நான் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சூளகிரிப் பக்கம் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில், ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. ஹெல்பராகச் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் சரக்கு முழுவதையும் சரிபார்த்து உள்ளே ஏற்றும் பொறுப்பு வரைக்கும் வந்திருந்தேன். அதை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்வேன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் ராஜபாளையம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். ஒரு தடவை ஊரை விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு தடவை கிளம்புவது சுலபம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பாடு, மகளின் படிப்பு, அங்கே வெயில். கடைசியில், "என்ன முடிவு பண்ணுன?"

"பாப்போம்" என்பேன்.

போனை வைத்ததும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அடுக்கி வைத்த டப்பாக்களை இறக்கி மறுபடி அடுக்குவேன். காயாத துணியை எடுத்து மடிப்பேன், ஈரம் தெரிந்ததும் திரும்பப் போடுவேன். கம்பெனி பஸ்ஸில் என் முழங்கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண் தன் கையை என் முழங்கால்மேல் வைத்து அழுத்தினாள். அவள் இறங்கும் வரை ஆட்டாமல் இருந்தேன். அவள் இறங்கியதும் மறுபடி ஆடியது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம்.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு மரப் பேலட்டின்மேல் வரும். ஃபோர்க்லிஃப்ட்டின் முள் நுழைவதற்காக மேலும் கீழும் பலகை அடித்து, நடுவில் கட்டைகள் வைத்த மேடை அது. உடைந்த பேலட்டுகள் காம்பவுண்டு சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்குக் கிடக்கும். செங்கல் சூளைக்காரர்கள் வந்து விறகுக்கு அள்ளிப்போவார்கள். வேலை செய்கிறவர்கள் கேட்டாலும் கேட் பாஸ் போட்டுக் கொடுப்பதுண்டு. கோழிக்கூண்டுக்கு, மாட்டுக்கொட்டகைத் தடுப்புக்கு என்று எத்தனையோ ஆண்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை என் பெயருக்கு ஒன்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன்.

"அடுப்புக்கா மேடம்?" என்று கேட்டார் கேட்டில் நின்ற செக்யூரிட்டி.

"இல்ல. செருப்பு ஸ்டாண்டு செய்யப்போறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஒரு குட்டி யானை வண்டியில் நான்கு பேலட்டுகள் வீடு வந்து சேர்ந்தன. நாங்கள் குடியிருப்பது கீழ் வீடு. மாடியில் வீட்டுக்காரக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய ரோஜாத் தோட்டம். வீட்டுக்கார அக்கா வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், பூ ஏற்ற வரும் வண்டிக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் சுருக்கமாகத்தான் பேசுவார். வண்டியிலிருந்து இறங்கியதை மாடியிலிருந்து பார்த்தார்.

முதல் பேலட்டை நாசம் செய்தேன். சுத்தியலும் கடப்பாரையும் போதும் என்று நினைத்திருந்தேன். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஆணி வரவில்லை, பலகைதான் பிளந்தது. அந்த ஆணிகள் நாம் கடையில் வாங்கும் வழவழப்பான ஆணிகள் இல்லை. உடம்பெல்லாம் முறுக்கு. ஸ்க்ரூ மாதிரி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். மதியத்துக்குள் என் கையில் இருந்தது விறகு. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஆனால் அன்றைக்கு முழுக்க நான் டப்பாக்களை அடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிடுங்குவதற்குப் பதிலாக அறுத்தால் என்ன என்று தோன்றியது. கடப்பாரையால் லேசாக நெம்பி, கிடைத்த சந்தில் இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடை நுழைத்தேன். ஒரு முனையில் பழைய துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆணியை அறுத்தேன். ஒரு ஆணிக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஆணித்தலை பலகையிலேயே தங்கிவிடும், பலகை உடையாது. முதல் பலகை முழுசாகக் கழன்று கையில் வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் சாம்பல் நிறம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளே வெளிர் மஞ்சள், பைன் மரத்தின் வாசனை.

மகள் ஒரு கட்டையில் சுட்டிருந்த முத்திரையைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டாள். ஹெச்.டி. என்று இருந்தால் சூடுபடுத்திய மரம், எம்.பி. என்று இருந்தால் பூச்சி வராமல் இருக்க விஷப்புகை போட்ட மரம், அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொன்னேன். ஸ்டோர்ஸில் இருப்பதால் அது தெரியும். அன்றிலிருந்து பேலட் வந்தால் முத்திரையைப் படிப்பது அவள் வேலை.

செருப்பு ஸ்டாண்டு ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அடியில் அட்டையை மடித்து வைத்தேன். அதற்கடுத்து புத்தக அலமாரி. பிறகு ஹாலுக்கு ஒரு பெஞ்சு, மகளுக்கு மேஜை, குளியலறை வாசலில் ஒரு பலகை மேடை. ஒன்றை முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைப்பேன். ஆணி அடித்து முடிக்கிற நேரத்துக்கு வரும். அடுத்த நாள் சாயங்காலம் போன் வந்ததும் போய்விடும். உடனே அடுத்ததற்கு அளவெடுப்பேன். வீட்டில் நடக்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

"போதும்மா. கிளாஸ் ஃப்ரெண்ட்ஸ் வந்தா ஃபர்னிச்சர் கடையான்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

அவரிடம் போனில் எதையும் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அக்கா பின்வாசலுக்கு வந்து நின்றார். சத்தத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"பரீட்ச முடிஞ்சா காலி பண்றோம்னு உங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுப் போனாரு" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப இத்தினியும் யாருக்கு செஞ்சிக்கினு இருக்கே?"

பிளேடில் சுற்றிய துணியைப் பிரித்து மறுபடி சுற்றினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரோஜாப் பாத்திக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் ஓடியது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், கவனம் எங்கோ இருக்க, தள்ளி வைத்திருந்த பலகையின்மேல் காலை வைத்தேன். அறுபடாத ஆணி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. வலியைவிட, காலைத் தூக்கியதும் பலகையும் சேர்ந்து மேலே வந்ததுதான் பயமாக இருந்தது. மகளின் சத்தம் கேட்டு வீட்டுக்கார அக்கா ஓடிவந்தார். என்னை உட்கார வைத்து, பலகையைத் தன் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, என் பாதத்தை நேராக மேலே தூக்கினார். தன் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காயத்தைக் கழுவிக் கட்டி, ஊசி போட்டு, ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். திரும்பும் வழியில் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"ஷூ போட்டுக்கினு செய்."

அன்று சாயங்காலப் போனை மகள் எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆணியை மட்டும் இல்லை, அலமாரி, பெஞ்சு, மேஜை எல்லாவற்றையும்.

மூன்றாம் நாள் காலை பெங்களூரு பஸ்ஸிலிருந்து இறங்கி, அதே தோள்பையோடு வாசலில் வந்து நின்றார். வருவதாகச் சொல்லவே இல்லை. என் காலைப் பார்த்தார், பேண்டேஜைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்வந்தார். மேஜையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இம்புட்டும் நீயா செஞ்ச?"

"ஆமா."

"இத எல்லாம் அங்க எப்படிக் கொண்டுபோறது?"

"கொண்டுபோறதுக்குன்னு செய்யல."

"பெறகு?"

"தெரியலைங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்பதை அந்த இரண்டு நாளில் பார்த்தேன். வாசலுக்குப் போவார், வருவார். போனை எடுப்பார், வைப்பார். முன்பெல்லாம் விடுமுறை நாளில் பத்து மணிவரை தூங்குகிற மனிதர். இரண்டாம் நாள் பின்பக்கம் டமார் டமார் என்று சத்தம் கேட்டது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த பேலட்டை அவர் கடப்பாரையால் பிளந்துகொண்டிருந்தார். இரண்டு பலகை ஏற்கெனவே விறகு.

"பிடுங்காதீங்க. அறுங்க" என்றேன். பிளேடு இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தார். முதல் ஆணி போனது. இரண்டாவது ஆணியின் நடுவில், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, நாலு மாதமாக வாயில் வராததைச் சொன்னேன்.

"நான் அங்க வரலைங்க."

பிளேடு நின்றது. பிறகு மறுபடி ஓடியது. பலகை கழன்றது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பாமலே பேசினார்.

"அங்க நான் இன்னும் பெட்டியப் பிரிக்கல. மேலாப்புல இருக்கிற நாலு சட்டையத் தொவைச்சுத் தொவைச்சுப் போட்டுக்கிருக்கேன்."

"இத ஏன் போன்ல சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டேயில்ல."

எனக்குக் கோபம் வந்தது. தனக்கே பிடிக்காத இடத்துக்கு எங்களை அழைத்திருக்கிறார். அதைச் சொல்லவும் செய்தேன். அவரும் குரலை உயர்த்தினார். இங்கே இருந்தால் தன்னை யார் வைத்துக்கொள்வார்கள், நாற்பத்தைந்து வயதுக்காரனுக்குப் புதுசாக எவன் வேலை கொடுப்பான், பெண்டாட்டி சம்பாதித்துப் போட வீட்டில் உட்கார்ந்திருக்கவா என்று கேட்டார். ரோஜா பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். பிறகு அவர் பிளேடை எடுத்து மூன்றாவது ஆணியை அறுத்தார். சாயங்காலம்வரை அறுத்தார். மிச்சப் பலகை அத்தனையும் முழுசாக வந்தன.

லீவு முடிந்து குஜராத்துக்குத் திரும்பினார். அதன்பிறகு போனில் முடிவைப் பற்றிய கேள்வி இல்லை. மாசி மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு சின்ன கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. அவருக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. ஷிஃப்டு மாறி மாறி வரும். பழைய லைனில் அவரிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது வேறொரு கம்பெனியில் மேனேஜர். அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இவர் கடைக்குள் நுழைந்துகொள்வார். நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

அவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் அமைதியில்லாமல் நடந்துகொண்டிருந்தோம். கேஸ் அடுப்பு இருக்கும் திசைக்குச் சண்டை, துணி காயும் இடத்துக்குச் சண்டை. நான் வரவில்லை என்று சொன்னதால்தான் அவர் சுருங்கிப்போனார் என்று எனக்குள் ஓடும். ஒருநாள் அதைக் கேட்டும்விட்டேன்.

"அப்படியெல்லாம் இல்ல. இங்க பெட்டியப் பிரிச்சுட்டேன்ல" என்றார். அது எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வைகாசியில் வீட்டுக்கார அக்கா கீழே வந்தார். தோட்டத்தில் ஷெட்டுக்குள் பெண்கள் தரையில் குத்தவைத்து ரோஜாக்களை அளவு பிரித்து, கட்டுக் கட்டி, காகிதம் சுற்றுவார்கள். எல்லோருக்கும் இடுப்புவலி.

"நின்னுக்கினே கட்டுறாப்பல ஒரு டேபிள். எட்டு அடி நீளம். செய்வீங்களா?"

இருவரையும் பார்த்துத்தான் கேட்டார். நான் கேட் பாஸ் போட்டுப் பேலட் கொண்டுவந்தேன். என் கணவர் அறுத்தார், நான் இழைத்தேன். மேஜைக் காலின் உயரத்துக்கு இரண்டு நாள் வாக்குவாதம்; நான் குறைக்கச் சொன்னேன். மெஷின் முன்னால் நின்று வேலை செய்பவர்களுக்கு எந்த உயரம் சரி என்று தனக்குத் தெரியும் என்று அவர் அழுத்திச் சொன்னார். அவர் சொன்ன உயரத்துக்கே செய்தோம். நான்கு பேராகத் தூக்கிக்கொண்டுபோய் ஷெட்டில் வைத்தோம். பெண்கள் சுற்றி நின்று பூவைக் கொட்டி வேலையை ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு கட்டுக் கட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்களுக்கு ரெண்டு விரக்கடை உசரம் ஜாஸ்தி."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து நான்கு கால்களிலும் கோடு போட்டார். ரம்பத்தை எடுத்துவர வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பூக்களை ஒரு ஓரமாக ஒதுக்கினேன்.