கீரப்பாளையத்திலிருந்து வராத வரிகள்

இந்த ஆயுத பூஜைக்கு என் மகள் வீட்டு ரௌட்டருக்குச் சந்தனம் பூசினாள். அளவாகப் பூசத் தெரியாது, அப்பனைப் போல. காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டையெல்லாம் அடைபட்டு, அது சூடாகி, அறை முழுக்கச் சந்தன வாசனை. துடைக்க உட்கார்ந்தவனுக்குக் கலியமூர்த்தி மாமா ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம்தான் சொல்லித் தொலைக்க வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். அந்த வழியாகப் போகிறவர்கள் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நாங்கள் அதே காற்றில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவோம். ஒரு மாசத்தில் மூக்கு ஒத்துக்கொள்ளும்.

கம்பெனிக்குக் கீரப்பாளையத்தில் ஒரு குளிர்கிடங்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர்தான் கலியமூர்த்தி. எனக்கு உறவில்லை, எல்லோருக்கும் அவர் மாமா. ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். வருகிற பொங்கலுக்கு நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். மணிக்கொரு தரம் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுவரில் மாட்டிய கருவியில் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் தேதி, நேரத்தோடு ஒரு வரி டெலிபோன் லைன் வழியாகக் கடலூருக்கு வந்து என் லாக் சர்வரில் பதிவாகும். கருவிக்குள் எதுவும் தங்காது. எல்லாப் பதிவும் என்னிடம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சபாபதி சார். சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார், திருநீறு கலையாமல். அந்த ஆயுத பூஜைக்கு, "மெஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கணும்ப்பா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணு" என்றார்.

"லாக் சர்வர் ஓடட்டும் சார்."

"அது மட்டும் என்ன ஒசத்தி?"

நிறுத்தினேன். பொட்டு வைத்தோம், பொரி தின்றோம், விஜயதசமி காலையில் மறுபடி ஓடவிட்டேன்.

இருபது நாள் கழித்து மேலிடத்தில் பட்டியலைப் பார்த்தார்கள். கீரப்பாளையத்திலிருந்து ஒரு வரியும் இல்லை. ஆள் கிடங்குக்கே வருவதில்லை என்று முடிவுகட்டினார்கள். சர்வர் சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். பார்த்தேன். பதிவுக் கோப்பு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டுதான் இருந்தது. சர்வர் தன்னைப் பற்றித் தானே எழுதி நிரப்பிக்கொண்டிருந்தது என்பது அதைத் திறந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை. 'மேற்படி கருவியிலிருந்து இருபது நாள்களாகப் பதிவு எதுவும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். போன் பண்ணினார்.

"ஒரு மணி கூட வுடல தம்பி. மழையில கொடய புடிச்சினு போயி அழுத்தினேன். எங்கயோ பூடுச்சி போல, கொஞ்சம் தேடிப் பாரேன்."

பார்க்கிறேன் மாமா என்றேன். பார்க்கவில்லை. குற்றவாளிகள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். இருபத்துநாலு வயசுக்கு அந்த நினைப்பே ஜாஸ்தி.

அவர் இடத்தில் ஒரு புது ஆளைப் போட்டார்கள். ஒரு வாரம் ஆகியும் அவனிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. "இவனும் தூங்குறானா?" என்றார் சபாபதி சார், நிஜமான கவலையோடு.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. புது ஆளுக்குப் போன் போட்டு அழுத்தச் சொன்னேன். அடுத்த நொடியே வரி கடலூருக்கு வந்தது, சர்வர் வாசல் வரைக்கும். வாசலில் நின்ற ஃபயர்வால் அதை உள்ளே விடவில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி ஒரு மென்பொருள் அது. கீரப்பாளையத்தை உள்ளே விடு என்று அதற்குச் சொல்லிவைத்தவன் நான்தான். சொன்னதை நிரந்தரமாகச் சேமித்துவைக்க மறந்தவனும் நான்தான். மாசக்கணக்கில் நிற்காமல் ஓடியதால் வெளியே தெரியவில்லை. பூஜைக்கு நிறுத்தி எழுப்பியதும் மறந்துவிட்டது. ஒரே ஒரு கட்டளை அடித்தேன். மறுபடி அழுத்தச் சொன்னேன். வரி வந்து உட்கார்ந்தது. மாமா அழுத்தியதில் ஒன்றுகூடத் திரும்ப வராது.

சபாபதி சாரிடம் ஓடினேன். "தப்பு என்னுது சார்."

அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிக் குடு. பூஜைய இதுல இழுக்காத, உன்னையும் இழுத்துக்காத."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம்.

மாமாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இடையில் வேலையில்லாமல் நின்ற நாள்களைக் காரணம் காட்டி, நிரந்தரத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். அந்த ஒரு வருஷம் முடியுமுன் கிடங்கையே மூடிவிட்டார்கள்.

வேலை திரும்பக் கிடைத்த வாரம் அவர் கிள்ளையிலிருந்து ஒரு பை இறால் வாங்கிக்கொண்டு கடலூருக்கு வந்தார். "யாரும் நம்பல. நீதான் தம்பி தேடிக் கண்டுபுடிச்ச" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் இறாலை வாங்கிக்கொண்டேன். அம்மா தொக்கு பண்ணினாள். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கீரப்பாளையம் வரை போனேன். கிடங்கு இருந்த இடத்தில் டிராக்டர் ஷோரூம். மாமா வீட்டை விசாரித்துப் போனால், சுவரில் படம், மாலை. அவர் மனைவி என் பேரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"கம்ப்யூட்டர் தம்பியா? சாவுற வரைக்கும் ஒங்களப் பத்தித்தான் சொல்லிகினு இருந்தாரு. அவுரு மானத்தக் காப்பாத்தினவரு நீங்க" என்றார். காப்பி போட உள்ளே போனார்.

அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.