லாயின் கை பட்ட குளம்

பாக் லியூ ஊர்ப் பக்கத்தில், இறால் குளம் வைத்திருக்கும் லாய் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கயிற்றை இழுத்துத் தீவனத் தட்டைத் தூக்குவாள். இறாலை வெயிலுக்கு நேரே பிடித்து, குடல் கோடு ஆரோக்கியமாகக் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பாள். போன வருஷம் ஒரு குளம் மொத்தமாகச் செத்தது. மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் புருஷனோடு நகரத்துச் செருப்புத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் இரண்டு இறாலுக்குக் குடல் வெளுத்திருந்தது. வேறொருத்தியாக இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்திருப்பாள். இவளுக்குப் பொறுக்குமா? பத்து நாள் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்து போட்டாள்.

பக்கத்துக் குளத்துத் தோவாய் சோம்பேறி. வெல்லப்பாகும் தவிடும் புளிக்க வைத்த டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு தீவனத்தில் கலப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது.

"என்னண்ணே, உங்க டிரம் நாத்தம் என் சோத்துல வந்து உக்காருது!"

"அதெல்லாம் நல்ல கிருமி தங்கச்சி. நீதான் உன் குளத்துல ஒண்ணையும் குடியிருக்க விடமாட்டேங்கறியே."

அடுத்த வாரம் மேட்டு வயல்களில் பூச்சிமருந்து அடித்தார்கள். மறுநாளே பெருமழை. வாய்க்கால் பொங்கி இரண்டு குளத்திலும் பாய்ந்தது. விடிந்ததும் லாய் தட்டைத் தூக்கினாள். இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஓடிப்போய்த் தோவாயின் தட்டைத் தூக்கினாள். அங்கே துள்ளின.

"ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி! மதகை அடைச்சிட்டு என்கிட்ட சொல்லாம இருந்துட்டீங்களா?"

"அடைக்கறதா? நான் எழுந்ததே இப்பதான்."

நீரையும் இறாலையும் சோதனைக்கு எடுத்துப்போன மீன்வளத் துறைப் பெண் இரண்டு நாள் கழித்து வந்தாள். "அக்கா, இதுங்க குடல்ல இருக்கற கிருமிங்கள்ல சிலது பூச்சிமருந்து மாதிரி விஷத்தைச் சிதைச்சிடும். நீங்க தீவனத்துல போட்ட மருந்துல அதுங்க செத்துப்போச்சு போல. அதான் இதுங்களால தாங்க முடியல."

காப்பாற்றுகிறேன் என்று தானே கொன்றிருக்கிறாள். லாய்க்கு அழுகைகூட வரவில்லை. "இப்ப என்ன போடணும்? சொல்லும்மா, உடனே போடறேன்."

"அண்ணன் டிரம்லேருந்து ஒரு வாளி கலந்து குடுங்க. அப்புறம் ஏழு நாள் தீவனம் தவிர எதுவும் போடாதீங்க."

லாய் தட்டின் கயிற்றை அவிழ்த்துத் தோவாயிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கண்ணே. என் கையில இருந்தா சும்மா இருக்கமாட்டேன்."

கரையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் புருஷன் பயந்துபோனான். "என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கேன். உயிர் போகுது."

ஏழாம் நாள் தோவாய் தட்டைத் தூக்கினான். இறாலில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் தீவனம் சுத்தமாகக் காலி. லாய் பழக்கத்தில் ஒரு இறாலை எடுத்து வெயிலுக்கு நேரே உயர்த்தினாள். பிறகு, பார்க்காமலே தண்ணீரில் விட்டாள்.