தூசி விழாத இடம்

திருப்பூரில் வீடு சுத்தம் பண்ண விளக்குமாறு உதவாது. இங்கே விழுவது மண் தூசி இல்லை, பஞ்சு. விளக்குமாற்றை வீசினால் எழுந்து பறக்கும், நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் அதே இடத்தில் வந்து உட்காரும். எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். பசை மாதிரி ஒட்டிக் காய்ந்துவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும். பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, உள்சுவரிலிருந்து வாசலை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்து வர வேண்டும். அதற்கு முன்னாலேயே மேலே இருப்பதை முடித்துவிட வேண்டும். ஃபேன் இறக்கையில் ஒரு பனியனை உறை மாதிரி மாட்டி உருவினால் தூசி மொத்தமும் அதற்குள்ளேயே வந்துவிடும். குழாயில் படிந்த உப்புக் கறைக்குப் பழைய புளி போதும்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கொச்சியில் ஓட்டல், பெங்களூரில் ஆஸ்பத்திரி, ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டல் என்று துடைத்துக்கொண்டே ஊர் மாறியவள் நான். ஒரே ஊரில் ஒரு வருஷம் தாண்டினால் கால் நிற்காது. கடைசியாகத் திருப்பூரில் நல்லூருக்கு வந்தபோது, ஆறு வீடுகள் ஒட்டினாற்போல இருந்த ஒரு லைனில் ஒரு சின்ன அறை கிடைத்தது. வாடகைக்குப் பதில் ஆறு வீட்டையும் நான் துடைக்க வேண்டும் என்று வீட்டுக்கார அக்கா சொன்னார்.

கடைசி வீட்டில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாலு வயது மகளோடு இருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குழந்தைக்கு வீசிங். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். தூசி இல்லாத வீடாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஊருக்குப் போனா பீடிதாம் சுத்தணும்க்கா. அந்தத் தூளு இதைவிட மோசம்" என்றாள். பகலில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள்.

அந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி, பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பஞ்சு வரும். தினமும் காலையில் கதவைத் திறந்து சாய்வாக வெளிச்சம் விழும்போது தரை முழுக்க மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோதான் கவனித்தேன். சுவரோரம் ஓரிடத்தில் படலமே இல்லை. பாய் விரித்திருந்தார்களோ என்று நினைத்தேன். ஆனால் அம்மாவும் மகளும் கட்டிலில் படுப்பவர்கள். பாய்க்கு நேரான ஓரம் இருக்கும். இதற்குத் தோள் இருந்தது, மடக்கிய முழங்கால் இருந்தது. ஒருக்களித்துப் படுத்த ஆள் அளவு.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மூலைக்கு வெயில் வருவதில்லை.

அடுத்த நாள் ஒரு பிடி பஞ்சை நானே அதன்மேல் தூவி, ஃபேனை நிறுத்தி, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையோடு என் அறைக்குப் போனேன். மத்தியானம் திறந்தால், தூவிய பஞ்சு அந்த உருவத்தைச் சுற்றி வரப்பு மாதிரி ஒதுங்கிக் கிடந்தது.

வீட்டுக்கார அக்காவிடம் போய், "கடைசி ஊட்டுல முன்னாடி யாருங்க்கா இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஏன் அம்மிணி, எவளாச்சும் எதையாச்சும் சொல்லிப்போட்டாளா?"

"யாரும் சொல்லலீங்க. தரைல ஆள் படுத்த மாதிரி இருக்குதுங்க."

"ஏழாவது படிச்சவ தரையைப் படிக்கறாளாமா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க ஓவர்லாக் மிஷின் நாலு போட்டிருந்தாங்க. ஒரு இந்திக்காரத் தம்பி, பாவம், இருமிக்கிட்டேதான் தெச்சுக்கிட்டு இருக்கும். மத்தியானம் எல்லாரும் சோத்துக்குப் போனா, அது மட்டும் அந்தச் செவுத்தோரமாப் படுத்துக்கும். ஒரு நாள் எழுப்பப் போனாங்க, எந்திரிக்கல. வெளிய சொல்லிப்போடாத அம்மிணி. அப்பறம் அந்த ஊட்டுக்கு ஆளே வராது."

நான் சொல்லவில்லை. அக்காவுக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், நெஞ்சில் விசில் ஊத ஊத, பிள்ளை தானே கட்டிலிலிருந்து இறங்கிப் போய் அங்கே சுருண்டு படுத்தது. தூக்க ஓடினேன். குனிவதற்குள் சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லாமலே போனது. அதன்பின் தினமும் மத்தியானம் ஒரு துண்டை விரித்து அங்கேயே படுக்கப் போட்டேன். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"எல்லாம் நீங்க துடைக்கதுனாலதாம்க்கா" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டில் இருந்தாள். அடுப்போரம் எண்ணெய் சிந்தியிருந்தது. சுடுதண்ணீரில் சோடா உப்பைக் கரைத்தேன். வெள்ளைத் துணி தீர்ந்துபோயிருந்தது. துடைக்க வாங்கிவைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் கையை விட்டதில் மெரூன் கலர் கட்டிங் துண்டு ஒன்று வந்தது. அலசாத கலர் துண்டைச் சுடுதண்ணீரில் போடக் கூடாது என்று இந்த ஊரில் பிசிறு வெட்டும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏதோ யோசனையில் போட்டுவிட்டேன். இரண்டாவது இழுப்பில்தான் பார்த்தேன், வெள்ளை சிமெண்ட் தரை சாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் வாளித் தண்ணீரைக் கொட்டினேன். சாயம் வீடு முழுக்கப் பரவியது. சுவரோரத்தில் மட்டும் ஏறவில்லை. செந்நிறத் தரையில் ஓர் ஆள் வெள்ளையாகப் படுத்திருந்தார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையை ஒதுக்கிவைத்தாள். "இது என்னக்கா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"ரெண்டு மாசமா எம் பிள்ளைய ஒரு செத்த ஆளுகிட்டயா படுக்கப் போட்டிய?"

"அங்கதான் அவளுக்கு மூச்சு வருது."

"பேசாதீங்க!"

பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் போகவும் தோன்றவில்லை. மூன்று மணி வாக்கில் விசில் தொடங்கியது. ஸ்ப்ரே அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். விலா உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டோரம் நீலம் ஏறியது. ஆட்டோவுக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷம் ஆகும் என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பஸ்ஸில் இடம் கேட்கும்போது காட்டுவது மாதிரி கையைக் காட்டினாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படுங்க. பிள்ளைக்கு முடியல." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தமிழ் தெரியுமாக்கா அந்த ஆளுக்கு?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.



துண்டுகூட விரிக்காமல் படுக்கவைத்தாள். பின்சுவருக்கு அப்பால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. விசில் அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"நிக்கச் சொல்லுங்கக்கா. எதுக்கும் டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கட்டும்."

ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சாயம் பரவியபோது அந்த வெள்ளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் செந்நிறம் இருந்ததாக ஞாபகம். இப்போது வெள்ளை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முன்பக்கம் அதே ஒரு சாண் அளவுக்கு இடம் ஒழிந்திருந்தது. பிள்ளை அதில் படுத்திருந்தது.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.